பாஸ் பட்டனை அழுத்த மறந்த இரவுகள்

அலமாரியின் அடியில் கிடந்த ஒரு வீடியோ கேசட்டைச் சில வாரங்களுக்கு முன் ஓட்டிப் பார்த்தேன். ஒரு தொலைக்காட்சித் தொடருக்காக வீட்டில் யாரோ பதிவுசெய்து வைத்தது. தொடர் ஓடியவரை மனத்தில் பெரிதாக எதுவும் அசையவில்லை. கதை தெரிந்ததுதான்; முகங்களும் பழகியவைதான். முதல் இடைவேளை வந்தது. ஒரு சோப்பு விளம்பரம். நான்கு சுரத்தில் சின்ன மெட்டு, நுரை, சிரிக்கிற ஒரு முகம். இரண்டாவது சுரம் ஒலிக்கும்போதே மீதி இரண்டும் என் வாய்க்கு வந்துவிட்டன. அன்று உட்கார்ந்திருந்த தரையின் குளிர்ச்சி, அறை விளக்கின் மங்கல், அடுத்த அறையில் யாரோ பேசிக்கொண்டிருந்த குரல் எல்லாம் கூடவே வந்தன. அந்தச் சோப்பை நாங்கள் ஒரு முறையாவது வாங்கினோமா என்பதுகூட நினைவில்லை.

ஒரு மணி நேரத் தொடர் தராததை முப்பது விநாடி விளம்பரம் எப்படித் தந்தது? பழைய விளம்பரங்களின் மேல் உள்ள பிரியத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் 'அது எளிமையான காலம்', 'சின்ன வயசு இனிமையானது' என்று சொல்லி முடித்துவிடுகிறோம். இனிமைதான் காரணம் என்றால் தொடரும் அதே அளவு உலுக்கியிருக்க வேண்டும். அதுவும் அதே மாலையில், அதே தரையில் உட்கார்ந்து பார்த்ததுதானே. எனக்குத் தோன்றுவது வேறு. விளம்பரம் நம்மை உலுக்குவதற்குக் காரணம், அதை யாரும் பாதுகாத்து வைக்காததுதான். சில மாதம் ஓயாமல் ஓடியது, பிறகு ஒரு நாள் நின்றது, அதன்பின் யார் கண்ணிலும் படவில்லை. அந்த மறைவுதான் அதன் பலம்.

தொலைக்காட்சியில் காசு கொடுத்துப் போட்ட முதல் விளம்பரத்துக்குத் தேதியே உண்டு: 1941 ஜூலை 1. புரூக்ளின் டாட்ஜர்ஸ், பிலடெல்ஃபியா ஃபில்லீஸ் அணிகள் மோதிய பேஸ்பால் ஆட்டத்துக்குச் சற்று முன், நியூயார்க்கின் டபிள்யூ.என்.பி.டி. நிலையம் அமெரிக்க வரைபடத்தின் மேல் ஒரு கடிகார முகத்தைக் காட்டியது. அமெரிக்காவே புலோவா நேரத்தில்தான் இயங்குகிறது என்றது ஒரு குரல். அதற்குப் புலோவா நிறுவனம் கட்டியது 9 டாலர் என்பது விளம்பர உலகில் வழிவழியாகச் சொல்லப்படும் கணக்கு. அன்று அந்த நகரத்தில் டிவி பெட்டிகளே சில ஆயிரம்தான். பிரிட்டனில் 1955 செப்டம்பர் 22 அன்று, ஐ.டி.வி. என்ற வணிகத் தொலைக்காட்சி தொடங்கிய முதல் இரவில், பனிக்கட்டிக்குள் பதிந்த கிப்ஸ் எஸ்.ஆர். பற்பசையோடு விளம்பரம் வீட்டுக்குள் நுழைந்தது. பிரான்ஸ் இன்னும் தயங்கி நின்றது. நிறுவனப் பெயர் சொல்லும் விளம்பரங்களை 1968 அக்டோபரில்தான் திரையில் அனுமதித்தது.

இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது இத்தாலியின் கதை. 1957 பிப்ரவரியில் ராய் தொலைக்காட்சி 'கரோசெல்லோ' என்ற நிகழ்ச்சியைத் தொடங்கியது. மாலையில் பத்து நிமிடம்; முழுக்க விளம்பரம். ஆனால் கண்டபடி விற்க அனுமதி இல்லை. ஒவ்வொரு துண்டும் ஒரு குட்டிக் கதையாகவோ கார்ட்டூனாகவோ நகைச்சுவைக் காட்சியாகவோ இருக்க வேண்டும். விற்கிற பொருளின் பெயரைக் கடைசிச் சில விநாடிகளில்தான் சொல்லலாம். பெரிய நடிகர்களும் தேர்ந்த இயக்குநர்களும் அதில் வேலை செய்தார்கள். 'கரோசெல்லோ முடிந்ததும் படுக்கைக்கு' என்பது இத்தாலியக் குழந்தைகளுக்கு எழுதாத சட்டமாகிவிட்டது. 1977 ஜனவரி 1 அன்று நிகழ்ச்சி நின்றது. இருபது ஆண்டுகள் ஒரு நாட்டின் குழந்தைகள் விளம்பரத்தைப் பார்த்துவிட்டுத் தூங்கப் போயிருக்கிறார்கள். அந்த வயதுக்காரர்களுக்கு அந்த மெட்டு ஒலித்தால் முதலில் நினைவுக்கு வருவது பொருளா, படுக்கையா? படுக்கைதான் என்று நான் நம்புகிறேன்.

ஆனால் எல்லா நாடும் இத்தாலியைப் போலக் கதை சொல்லிக்கொண்டிருக்கவில்லை. மற்ற இடங்களில் திரும்பத் திரும்பக் காட்டுவதுதான் ஒரே வழி. அமெரிக்காவில் அறுபதுகள்வரை ஒரு நிமிட விளம்பரம்தான் வழக்கம். எழுபதுகளின் தொடக்கத்தில் அது முப்பது விநாடியாகவும் எண்பதுகளில் பல இடங்களில் பதினைந்து விநாடியாகவும் சுருங்கியது. நேரம் சுருங்கச் சுருங்க, தலையில் ஏற்ற இன்னும் அதிக முறை காட்ட வேண்டியிருந்தது. 1968இல் உளவியலாளர் ராபர்ட் ஸயான்ஸ் ஒரு சோதனை வரிசையை வெளியிட்டார். அர்த்தமில்லாத சொற்களையும், சீன எழுத்தைப் போன்ற உருவங்களையும், முன்பின் தெரியாத முகங்களையும் ஆட்களுக்குக் காட்டினார். சிலவற்றை ஓரிரு முறை, சிலவற்றைப் பல முறை. அடிக்கடி கண்ணில் பட்டவற்றையே மக்கள் நல்லவை என்றும் பிடித்தவை என்றும் சொன்னார்கள். அவற்றால் ஒரு நன்மையும் இல்லை, அவற்றுக்கு ஒரு பொருளும் இல்லை. கண்ணுக்குப் பழகியது ஒன்றே போதுமானதாக இருந்தது.

கண்ணை விடக் காது இன்னும் முக்கியம். இடைவேளை வந்ததும் மனிதர்கள் எழுந்துவிடுவார்கள். தண்ணீர் குடிக்கப் போவார்கள், கதவைச் சாத்தப் போவார்கள். விளம்பரக்காரர்களுக்கு இது தொடக்கத்திலிருந்தே தெரியும். அதனால் ஒலிப்பதிவில் மெல்லிய இடங்களையும் உரத்த இடங்களையும் ஒரே மட்டத்துக்குத் தூக்கி வைத்தார்கள். உச்ச அளவு சட்டம் அனுமதித்ததைத் தாண்டாது. ஆனால் முழுவதும் அந்த உச்சத்தை ஒட்டியே ஓடும். நிகழ்ச்சியில் யாரோ கிசுகிசுத்துக்கொண்டிருந்த அடுத்த விநாடியே விளம்பரம் கத்துவதுபோல் இருந்தது இதனால்தான். இதற்கு எதிரான மனக்குறை அரை நூற்றாண்டு ஓடி, அமெரிக்காவில் 2012 டிசம்பரில்தான் விளம்பரத்தின் ஒலி நிகழ்ச்சியின் ஒலிக்கு மேல் போகக் கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்தது. ஆக, ஜிங்கிள்கள் எனப்படும் பழைய விளம்பர மெட்டுகள் பக்கத்து அறையில் இருக்கிறவரைக் குறிவைத்துச் செய்யப்பட்டவை. நம்மில் பலருக்கு ஒரு விளம்பரத்தின் காட்சி கலங்கலாகவும் மெட்டு தெளிவாகவும் நினைவிருப்பதில் வியப்பில்லை. நாம் அதைப் பார்த்ததைவிடக் கேட்டது அதிகம்.

மெட்டுக்கு இன்னொரு வசதி உண்டு. அதை மனப்பாடம் செய்ய யாரும் உட்காருவதில்லை. ஒரு சுரம் அடுத்த சுரத்தை இழுத்து வரும். எதுகை அடுத்த சொல்லைக் காட்டிக்கொடுக்கும். பாடத்தில் படித்த பெயர்ப் பட்டியல் மறந்து போகும். பற்பசை மெட்டு போகாது. இவ்வளவும் நாம் காவலைத் தளர்த்தியிருந்த நேரத்தில் நடந்தது. நிகழ்ச்சியைப் பார்க்கும்போது கதையைப் பின்தொடர்கிறோம், அடுத்து என்ன என்று யோசிக்கிறோம். விளம்பரத்தின்போது மனம் சும்மா இருக்கிறது. சும்மா இருக்கும் மனம் தன்னைச் சுற்றியிருப்பதைக் கவனிக்கிறது. தரை குளிர்வது அப்போதுதான் தெரியும்.

ஒரு கொக்கி, ஒரு சட்டை

நினைவைப் பற்றிய ஆய்வில் 1970களின் நடுவில் இரண்டு முக்கியமான கருத்துகள் உருவாயின. ஒன்று, எண்டெல் டுல்விங், டொனால்ட் தாம்சன் இருவரும் 1973இல் சொன்னது: ஒரு விஷயம் எந்தச் சூழலோடு சேர்ந்து மனத்தில் பதிந்ததோ, அந்தச் சூழலின் ஒரு துண்டு திரும்பக் கிடைத்தால் அந்த விஷயமும் திரும்ப வரும். இரண்டாவது, 1975இல் வாட்கின்ஸ் இணையர் எழுதியது: ஒரே தூண்டலோடு பல விஷயங்கள் கோக்கப்பட்டுவிட்டால், அந்தத் தூண்டல் எதையும் சரியாக இழுத்து வராது. பாரம் கூடக் கூட அதன் வேலைத்திறன் குறையும்.

சுவரில் ஒரு கொக்கியை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு சட்டைதான் தொங்குகிறது என்றால் இருட்டிலும் கையை நீட்டி எடுத்துவிடலாம். இருபது சட்டை தொங்கினால் வெளிச்சத்திலும் தேட வேண்டும். ஒரு புகழ்பெற்ற பாட்டு இருபது சட்டை தொங்கும் கொக்கி. பள்ளி நாளில் கேட்டோம், பயணத்தில் கேட்டோம், ஒரு திருமணத்தில் கேட்டோம், போன வாரம் கடையில் கேட்டோம். அது எந்த ஒரு நாளுக்கும் நம்மைக் கொண்டுபோய் விடுவதில்லை. எல்லா நாளும் கலந்த ஒரு மங்கலான இன்பத்தைத் தருகிறது. மறுஒளிபரப்பாகிக்கொண்டே இருந்த தொடருக்கும் இதே கதி. நான் அந்தக் கேசட்டில் பார்த்த தொடரை அதற்குப் பின் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

சோப்பு விளம்பரம் அப்படியில்லை. அது ஓடியது ஓராண்டோ ஒன்றரை ஆண்டோ. அந்தக் காலத்துக்குள் நூற்றுக்கணக்கான முறை ஓடி, அந்த அறையோடும் அந்த வயதோடும் இறுகிப் பிணைந்தது. பிறகு நிறுவனம் வேறு முகத்தையும் வேறு மெட்டையும் கொண்டுவந்தது. பழையது வெளியே போனது. அதன் பின் என் வாழ்வில் நடந்த எதுவும் அந்த மெட்டின் மேல் ஒட்டவில்லை. கொக்கியில் ஒற்றைச் சட்டை, தூசி படியாமல், அப்படியே.

இதை எதிர்ப்பக்கத்திலிருந்தும் சரிபார்க்கலாம். விளம்பர வரலாற்றில் மிகப் புகழ்பெற்ற சில படங்கள் ஏறக்குறைய ஒரே ஒரு முறைதான் ஓடியவை. 1964 செப்டம்பர் 7 அன்று அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சனின் தேர்தல் பிரசாரத்துக்காக ஒளிபரப்பான படத்தில், ஒரு சிறுமி பூவின் இதழ்களை எண்ணுவாள். எண்ணிக்கை தலைகீழாக மாறி அணுகுண்டு வெடிக்கும். காசு கொடுத்து அதைப் போட்டது அந்த ஒரு தடவைதான். ரிட்லி ஸ்காட் இயக்கிய ஆப்பிளின் மெக்கின்டோஷ் கணினி விளம்பரம் 1984 ஜனவரி 22 அன்று அமெரிக்கக் கால்பந்தின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலின் நடுவே நாடு முழுக்க ஒரு முறை ஓடியது. இவற்றை விளம்பரம் படிக்கும் மாணவர்கள் எல்லோரும் அறிவார்கள். ஆனால் இவற்றைப் பார்த்து யாருக்கும் தொண்டை அடைப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை. இவை வரலாறு ஆகிவிட்டன. ஏக்கம் ஆவதற்கு வேண்டியது ஆயிரம் சாதாரண மாலைகள். அந்தச் சாதாரண மாலைகள் பெயர் தெரியாத சோப்புக்கும் பிஸ்கட்டுக்கும்தான் கிடைத்தன.

வயதுக்கும் இதில் பங்கு உண்டு. முதியவர்களிடம் வாழ்க்கை நினைவுகளைச் சொல்லச் சொன்னால், ஏறத்தாழ பத்து வயதிலிருந்து முப்பது வயதுக்குள் நடந்தவை மற்ற ஆண்டுகளைவிட அதிகமாக வருகின்றன. டேவிட் ரூபினும் உடன் ஆய்வாளர்களும் 1986இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து இந்த மேட்டைச் சுட்டிக்காட்டினார்கள். முதல் தடவைகள் நிறைந்த வயது அது என்பது ஒரு விளக்கம். அந்த மேட்டின் ஏற்றத்தில் நாம் நின்றபோது ஓடிக்கொண்டிருந்த விளம்பரங்களே பிற்பாடு நம்முடையவை ஆகின்றன.

குப்பைக்குப் போனவை

இப்போது அந்த மறைவைப் பற்றி. ஐம்பதுகளின் விளம்பரங்களில் கணிசமானவை நேரலையில் செய்யப்பட்டவை. அறிவிப்பாளர் பொருளைக் கையில் எடுத்துக் காட்டிப் பேசுவார். பேசி முடித்ததும் அது காற்றோடு போயிற்று. திரையின் முன் ஒரு ஃபிலிம் கேமராவை வைத்துப் படம் பிடித்திருந்தால் மட்டுமே ஏதாவது மிஞ்சியிருக்கும். மற்றவை ஃபிலிம் பிரதிகளாக நிலையங்களுக்கு அனுப்பப்பட்டன. பிரசாரம் முடிந்ததும் பிரதிக்கு வேலை இல்லை. நடிகருக்கும் இசைக்கும் ஒப்பந்தம் குறிப்பிட்ட காலத்துக்குத்தான். காலம் கடந்த படத்தை ஒளிபரப்பினால் மறுபடி பணம் கொடுக்க வேண்டும். வைத்துக்கொள்வதால் லாபம் இல்லை, தூக்கி எறிவதால் நஷ்டம் இல்லை.

1956இல் ஆம்பெக்ஸ் நிறுவனம் நிலையங்களுக்கான வீடியோ டேப் இயந்திரத்தைக் கொண்டுவந்தது. இரண்டு அங்குல அகல டேப்; விலை அதிகம்; அழித்து மறுபடி எழுதலாம் என்பதே அதன் பெரிய சிறப்பு. அந்தச் சிறப்பு ஆவணக் காப்பகங்களுக்குச் சாபமாக முடிந்தது. பி.பி.சி. தன் 'டாக்டர் ஹூ' தொடரிலேயே 90க்கும் மேற்பட்ட பகுதிகளை இழந்துவிட்டு இன்றும் தேடிக்கொண்டிருக்கிறது. பெயர்பெற்ற தொடருக்கே அந்தக் கதி என்றால், விளம்பரத்தை யார் சீந்துவார்கள்?

சிலர் சீந்தினார்கள், சொல்லத்தான் வேண்டும். பிரிட்டனில் விளம்பர வரலாற்றுக்கென்றே ஓர் அறக்கட்டளை 1976இல் அமைந்தது. டோக்கியோவில் 2002இல் விளம்பர அருங்காட்சியகம் திறந்தது. கோகோ கோலா நிறுவனம் தன் தொலைக்காட்சி விளம்பரங்கள் சுமார் 20,000ஐ அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்கு 2000ஆம் ஆண்டில் கொடுக்க முன்வந்தது. 1971இல் இத்தாலியில் ஒரு குன்றின் மேல் பல நாட்டு இளைஞர்களை நிறுத்திப் பாட வைத்த அவர்களுடைய புகழ்பெற்ற படம் அந்த வரிசையைச் சேர்ந்தது. எழுதியவர்களில் ஒருவரான பில் பேக்கர், மூடுபனியால் விமானம் அயர்லாந்தின் ஷானன் விமான நிலையத்தில் இறங்கி, பயணிகள் காத்துக் கிடந்தபோது அந்த எண்ணம் தோன்றியதாகச் சொல்லியிருக்கிறார். பெரிய நிறுவனம், பெரிய படம். காப்பாற்ற ஆள் உண்டு. சின்ன நிறுவனங்களுக்கும், ஒரு வட்டாரத்துக்கு மட்டும் ஒளிபரப்பான விளம்பரங்களுக்கும் யாரும் இல்லை.

அவற்றைக் காப்பாற்றியவர்கள் அதைச் செய்கிறோம் என்று தெரியாமலே செய்தார்கள். 1975இல் சோனியின் பீட்டாமேக்ஸ், 1976இல் ஜே.வி.சி.யின் வி.எச்.எஸ். ரெக்கார்டர்கள் வந்தன. வீட்டிலேயே டிவி நிகழ்ச்சியைப் பதிவுசெய்ய முடிந்தது. ஸ்டுடியோக்கள் வழக்குத் தொடுத்தன. இந்தக் கருவி வந்தால் மக்கள் விளம்பரத்தைத் தாண்டிப் போய்விடுவார்கள் என்பதும் அவர்களுடைய கவலைகளில் ஒன்று. 1984 ஜனவரி 17 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற மயிரிழையில், பிற்பாடு பார்ப்பதற்காக வீட்டில் பதிவுசெய்வது சட்டத்துக்கு உட்பட்டதே என்று தீர்ப்பளித்தது. ஒரு நீதிபதியின் கை வேறு பக்கம் சாய்ந்திருந்தால், இன்று நாம் பார்க்கும் பழைய விளம்பரங்களில் பெரும்பங்கு இருந்திருக்காது.

தெரிந்தே செய்த ஒருவரும் உண்டு. பிலடெல்ஃபியாவில் வாழ்ந்த மேரியன் ஸ்டோக்ஸ், முன்பு நூலகராக இருந்தவர், ஈரானில் அமெரிக்கத் தூதரகப் பணயக்கைதி நெருக்கடி வெடித்த 1979 முதல் 2012 டிசம்பரில் இறக்கும் நாள்வரை, செய்திச் சேனல்களை இரவு பகலாகப் பதிவுசெய்தார். பல ரெக்கார்டர்கள் ஒரே சமயத்தில் ஓடும். டேப் மாற்றும் நேரத்தைச் சுற்றியே வீட்டின் அன்றாடம் அமைந்தது. செய்தி எப்படித் திரிக்கப்படுகிறது என்பதற்குச் சாட்சி வேண்டும் என்பது அவர் நோக்கம். மிஞ்சியவை சுமார் 70,000 கேசட்டுகள். இப்போது அவை இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய ஆவணக் காப்பகத்தின் வசம் இருக்கின்றன. இடைவிடாமல் பதிவுசெய்ததால் முப்பத்துமூன்று ஆண்டு விளம்பரங்களும் அதில் இருக்கின்றன. அவர் விளம்பரத்தைத் தேடவில்லை. ஆனால் எது முக்கியம் என்று முன்கூட்டியே தீர்ப்பு எழுதாமல் எல்லாவற்றையும் வைத்தார். அந்த ஒழுக்கத்தின் முன் எனக்குத் தலை தாழ்கிறது.

ஏக்கம் எதை மறைக்கிறது

ஏக்கத்தை ஆங்கிலத்தில் நாஸ்டால்ஜியா என்கிறோம். அந்தச் சொல்லை 1688இல் பாசல் நகரில் ஜோஹன்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் தன் ஆய்வேட்டில் உருவாக்கினார். வீடு திரும்புதல், வலி ஆகிய பொருள் தரும் இரண்டு கிரேக்கச் சொற்களை ஒட்டினார். அயல்நாட்டில் கூலிக்குப் போரிட்ட சுவிஸ் வீரர்கள் வாடிப் போவதை ஒரு நோயாகவே அவர் கண்டார். நீண்ட காலம் மருத்துவர்கள் அதை நோய்ப்பட்டியலில்தான் வைத்திருந்தார்கள். இன்றைய ஆய்வு வேறு பக்கம் திரும்பிவிட்டது. சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தின் டிம் வில்ட்ஷுட், கான்ஸ்டன்டைன் செடிகிடிஸ் ஆகியோர் 2006 முதல் வெளியிட்டுவரும் ஆய்வுகளின்படி, மனம் சோர்ந்திருக்கும்போதும் தனிமையிலும்தான் ஏக்கம் அதிகம் கிளம்புகிறது; கிளம்பியபின் பிறரோடு பிணைந்திருக்கும் உணர்வைக் கூட்டுகிறது. பழைய விளம்பரம் இதற்கு வாகானது. என் தனிப்பட்ட நினைவை இன்னொருவருக்கு விளக்கப் பத்து நிமிடம் வேண்டும். ஜிங்கிளின் முதல் பாதியைப் பாடினால் என் வயதுள்ள முன்பின் தெரியாத ஒருவர் மறுபாதியைப் பாடி முடிப்பார். அந்த ஒரு கணத்தில் நாங்கள் ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள்.

ஆனால் அந்த வீடு இருந்ததா? விளம்பரத்தில் வரும் சமையலறை பளபளத்தது. நம் வீட்டுச் சமையலறை அப்படி இல்லை. துணி துவைத்த பெண் எப்போதும் சிரித்தாள். அவள் களைத்த முகத்தை ஒரு விளம்பரமும் காட்டவில்லை. அவளுக்குப் பதிலாக ஓர் ஆண் துவைப்பதையும் காட்டவில்லை. 1960இல் தொடங்கிய 'ஃபிளின்ட்ஸ்டோன்ஸ்' கார்ட்டூனின் நாயகர்கள் வின்ஸ்டன் சிகரெட்டைப் பற்றவைத்து அதன் சுவையைப் புகழ்ந்தார்கள். குழந்தைகள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். பிரிட்டன் 1965 ஆகஸ்டில் தொலைக்காட்சியில் சிகரெட் விளம்பரத்தைத் தடைசெய்தது. அமெரிக்காவின் தடை 1971 ஜனவரி 2 அன்று நடைமுறைக்கு வந்தது. ஏன் ஜனவரி 1 அல்ல? புத்தாண்டு நாளின் கால்பந்துப் போட்டிகளில் கடைசியாக ஒரு நாள் விளம்பரம் போட்டுக்கொள்ளட்டும் என்று விட்டார்கள். அன்றிரவு நள்ளிரவுக்குச் சற்று முன்பு கடைசி சிகரெட் விளம்பரம் ஓடியது. அந்தப் படங்களை இன்று பார்க்கிறவர்களுக்கும் இசை இனிக்கிறது, வண்ணங்கள் கண்ணைப் பறிக்கின்றன. அந்தப் புகையில் நுரையீரலைத் தொலைத்தவர்களும் அதே ஆண்டுகளில்தான் வாழ்ந்தார்கள்.

இன்னும் ஒரு படி மேலே போகலாம். கேத்ரின் பிரவுன், ரியானன் எல்லிஸ், எலிசபெத் லாஃப்டஸ் மூவரும் 2002இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சின்ன வயதில் டிஸ்னி பூங்காவுக்குப் போன நாளை நினைவூட்டும் விளம்பரம் ஒன்றை ஆட்களிடம் கொடுத்தார்கள். அதில் பக்ஸ் பன்னி என்ற கார்ட்டூன் முயலைச் சந்தித்துக் கைகுலுக்கியதாக ஒரு வரி. பிற்பாடு விசாரித்தபோது, தங்களுக்கும் அப்படி நடந்திருக்கலாம் என்ற நம்பிக்கை பலரிடம் கூடியிருந்தது. அது நடந்திருக்கவே முடியாது; பக்ஸ் பன்னி வார்னர் பிரதர்ஸின் முயல், டிஸ்னி பூங்காவில் அதற்கு இடமில்லை. பழைய மெட்டைத் தூசி தட்டி, பழைய அட்டைப்பெட்டியின் வடிவத்தை மீண்டும் கொண்டுவரும் நிறுவனங்கள் பலவும் இந்த வாசலைத் தெரிந்துதான் தட்டுகின்றன. நம் குழந்தைப் பருவத்தை நமக்கே திருப்பி விற்கும்போது, அதில் இல்லாத ஒரு முயலையும் சேர்த்து விற்கலாம்.

அந்தக் காலத்தில் பிறக்காதவர்களுக்கும் இந்த ஏக்கம் வருகிறதே என்று கேட்கலாம். 2010ஐ ஒட்டி இணையத்தில் வேப்பர்வேவ் என்ற இசைவகை கிளம்பியது. எண்பதுகளின் விளம்பர இசையையும் கடைப் பின்னணி இசையையும் வேகம் குறைத்து, இழுத்து, எதிரொலிக்க வைத்தார்கள். செய்தவர்களில் பலர் அந்த இசை முதலில் ஒலித்தபோது கைக்குழந்தைகள், அல்லது பிறக்கவே இல்லை. கரோல் கிரம்ஹான்சல், ஜஸ்டின் ஸுப்னிக் இருவரும் 2013இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு வழி காட்டுகிறது. இருபது வயதுக்காரர்களிடம் பல பத்தாண்டுகளின் பாடல்களைப் போட்டபோது, அவர்களுடைய பெற்றோரின் இளமைக்காலப் பாடல்களோடும் தனி ஒட்டுதல் தெரிந்தது. வீட்டில் ஒலித்தது பிள்ளைகளுக்கும் இறங்குகிறது. விளம்பரமும் அப்படி இறங்கலாம், பெற்றோர் முணுமுணுக்கும் மெட்டாக. ஆனால் இளையவர்கள் அதில் நேசிப்பது பெரும்பாலும் டேப்பின் சிதைவைத்தான்: ஓரத்தில் வழியும் சிவப்பு, படத்தில் ஓடும் கோடு, நடுங்கும் ஒலி. நாங்கள் பார்த்தபோது அவை இல்லை. படம் எங்களுக்குப் புத்தம் புதிதாக இருந்தது.

இன்றைய விளம்பரம் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே வருகிறது. ஒரே வீட்டில் நான்கு பேர் நான்கு திரையில் நான்கு வேறு படங்களைப் பார்க்கிறார்கள். ஐந்து விநாடியில் தள்ளிவிடுகிறார்கள். அவர்களுக்கும் ஏதோ ஒன்று நிச்சயம் ஒட்டும். ஆனால் முதல் பாதியைப் பாடினால் மறுபாதியைப் பாட எதிரில் ஆள் இருப்பாரா என்பதுதான் எனக்குக் கவலை.

அந்தச் சோப்பு விளம்பரத்தை அந்த வாரமே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். முதல் மூன்று நான்கு தடவை தரையின் குளிர்ச்சி வந்தது. பத்தாவது தடவை நுரையும் முகமும் மட்டும் இருந்தன. கொக்கியில் நானே சட்டைகளை மாட்டிக்கொண்டிருந்தேன்: இந்த வாரத்து மேசை, இந்த வாரத்து மழை, ரிமோட்டைப் பிடித்த இந்தக் கை. அதன்பின் நிறுத்திவிட்டேன்.

கேசட்டை மட்டும் நகலெடுக்கக் கொடுக்க வேண்டியிருக்கிறது, சீக்கிரமே. வி.எச்.எஸ். ரெக்கார்டரைக் கடைசிவரை தயாரித்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் நிறுத்திக்கொண்டது. உலகில் மிச்சமிருக்கும் இயந்திரங்கள் தேய்ந்துகொண்டிருக்கின்றன. காந்தப் பூச்சும் ஆண்டுக்கு ஆண்டு வலுவிழக்கிறது. வீடுகளில் தங்கியிருக்கும் டேப்புகளிலும் விளம்பரம் இருப்பவை குறைவு. கவனமாகப் பதிவுசெய்தவர்கள் இடைவேளை வந்ததும் பதிவை இடைநிறுத்தும் பாஸ் பட்டனை அழுத்திவிடுவார்கள். டேப் விலை, இடம் மிச்சம், நிகழ்ச்சி தடையில்லாமல் ஓட வேண்டும். அவர்களுடைய கேசட்டுகள் சுத்தமானவை, அவற்றில் நமக்கு ஒன்றுமில்லை. மிஞ்சிய விளம்பரங்கள் டைமரைப் போட்டுவிட்டு வெளியே போனவர்களும், பார்த்துக்கொண்டே தூங்கிவிட்டவர்களும் விட்டுச்சென்றவை.

எங்கள் வீட்டுக் கேசட்டின் முதல் இடைவேளை முழுதாக இருக்கிறது. இரண்டாவது இடைவேளையிலும் அதே சோப்பு விளம்பரம்தான் தொடங்குகிறது. ஆனால் அதற்குள் யாரோ விழித்துக்கொண்டு பட்டனைத் தேடியிருக்கிறார்கள். இரண்டு சுரம் ஒலிக்கிறது. படம் ஒரு முறை துடிக்கிறது. அடுத்து தொடர் ஓடத் தொடங்குகிறது. மீதி இரண்டு சுரமும் டேப்பில் இல்லை.